வாசகர் கேள்வி–பதில்: அகாஸா என்கிற ஹகுஜி

'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 'முடிவிலிக் கோட்டை' படம் வந்த பிறகு தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஆளைப் பற்றியவை: மேல்நிலவு எனப்படும் மிக வலிய அரக்கர் வரிசையில் மூன்றாமவன் அகாஸா. பிரெஞ்சில் பார்த்தவர்களுக்கு 'லூன் சுபெரியர்' என்றால் சட்டென்று புரியும். இந்த முறை பத்தி முழுக்க அவனுக்கே. கதை முடிவு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறோம். படம் பார்க்காதவர்கள் முதல் பதிலோடு நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

அகாஸாவை மட்டும் தெரிந்துகொள்ள தொடர் முழுவதையும் பார்க்க வேண்டுமா? நேராகப் படத்துக்குப் போனால் புரியாதா?
— கல்லூரி மாணவி, கியூர்பிப்

சண்டை புரியும், அழுகை வராது. தொடர் மொத்தம் 63 பகுதிகள்: முதல் பருவம் 26, முகென் ரயில் 7, கேளிக்கைத் தெரு 11, வாள்கொல்லர் கிராமம் 11, ஹஷிரா பயிற்சி 8. முதல் 26 பகுதிகளில் அகாஸா தலையே காட்டுவதில்லை. ஆனாலும் அவனை எதிர்க்கப்போகும் தஞ்சிரோ யார் என்று தெரியாமல் போனால் எதுவும் ஒட்டாது.

நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி. முதல் பருவத்தில் 1 முதல் 5 வரை, பிறகு 19. அடுத்து 2020இல் வந்த முகென் ரயில் படம், 117 நிமிடம். தொலைக்காட்சியில் வந்த 7 பகுதிகளும் இதே கதைதான். முதல் பகுதி மட்டும் புதிதாகச் சேர்த்தது. பிறகு கேளிக்கைத் தெருவின் முதல் பகுதி, அதில் அகாஸா தன் தலைவன் முஸானிடம் வந்து நிற்பான். வாள்கொல்லர் கிராமத்தின் முதல் பகுதியில் மேல்நிலவு அரக்கர்கள் ஒன்றுகூடுவார்கள். அங்கே அவன் வரிசையில் இரண்டாமவனான தொமாவிடம் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். கடைசியாக 155 நிமிடக் கோட்டைப் படம். எல்லாம் சேர்த்து எட்டரை மணி நேரம் பிடிக்கும். இங்கே மொரீஷியஸில் காவடி விடுமுறையோடு ஒரு ஞாயிறு சேர்ந்து வந்தால் முடித்துவிடலாம்.

புத்தகமாகப் படிப்பவர்களுக்கு 8, 17, 18 ஆகிய மூன்று தொகுதிகள் போதும். பழைய புத்தகக் கடையில் 'லே ரோதர் தெ லா நுயி' என்ற பெயரில் பிரெஞ்சுத் தொகுதி கிடைத்தால் வேறு கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2017இல் முதலில் அந்தப் பெயரில்தான் வந்தது. ஆனால் தொடக்கத் தொகுதிகளோடு நின்றுபோன பதிப்பு அது. 8ஆம் தொகுதியை அதில் தேடிப் பயனில்லை.

அகாசா, அகசா, அக்காஸா என்று மாணவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எது சரி? பெயருக்குப் பொருள் உண்டா?
— தமிழாசிரியர், திரியோலே

ஜப்பானிய மொழியில் அ–க–ஸ என்று மூன்று குறில். கடைசி எழுத்து 'ஸ'வுக்கும் 'ஜ'வுக்கும் நடுவே அதிரும் ஒலி. நம் எழுத்தில் 'அகஸ' என்று எழுதினால் யாரும் சரியாகப் படிக்க மாட்டார்கள். நடுக் ககரம் மெலிந்து 'அஹஸ' ஆகிவிடும். இரட்டித்து 'அக்கஸா' என்று எழுதினால் ஒலி நெருங்கும், ஆனால் கண்ணுக்கு அக்காள் தெரிகிறாள். அதனால் நாங்கள் 'அகாஸா' என்று வைத்துக்கொண்டோம். மாணவர் ஒரே கட்டுரையில் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், ஐயா.

பொருள்தான் சுவையானது. அவன் மனிதனாக இருந்தபோது பெயர் ஹகுஜி. அந்தப் பெயரின் முதல் எழுத்து, கோவில் வாசலில் இணையாக உட்கார்ந்திருக்கும் கல் காவல்நாய்களைக் குறிக்கும் சொல்லில் வருவது. ஜப்பானியர் அவற்றைக் 'கொமாஇனு' என்பார்கள். ஒன்று வாயைத் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். நம் கோவிலில் துவாரபாலகர் நிற்கும் இடம் என்று எண்ணிக்கொண்டால் சரி. ஹகுஜியின் ஆசான் கெய்ஸோ இந்தப் பெயரைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே சொல்வது இதுதான்: உனக்குக் காக்க ஒரு கோவில் வேண்டும்.

முஸான் வைத்த பெயரான அகாஸாவின் முதல் எழுத்திலும் அதே நாய்க் குறி இருக்கிறது. பெயர் மாறியும் நாய் போகவில்லை. கோவில்தான் போய்விட்டது.

அவன் கையில் உள்ள பட்டைகள் வெறும் அலங்காரம் என்று நினைத்தேன். படத்தில் சிறுவனாக இருக்கும்போதே இருக்கிறதே?
— போர்ட் லூயி வாசகர்

அலங்காரமே இல்லை, தண்டனை. எடோ காலத்து ஜப்பானில் திருடனின் கையில் மை குத்தி அனுப்புவார்கள். எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) வழக்கம், இடது கையில் முழங்கைக்குக் கீழே இரண்டு வளையம். ஊருக்கு ஊர் அடையாளம் மாறும், பார்த்தவுடன் எந்த ஊரில் பிடிபட்டவன் என்று தெரிந்துவிடும். ஒரு பகுதியில் நெற்றியிலேயே குத்தினார்கள்: முதல் திருட்டுக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இன்னொரு கோடு, மூன்றாவதில் எழுத்து நிறைவடையும். அந்த எழுத்து 'நாய்'. மேலே சொன்ன பெயர்ப் பொருளோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஹகுஜிக்கு இரண்டு கைகளிலும் மும்மூன்று பட்டை. வயது 11. நோயாளித் தந்தைக்கு மருந்து வாங்கத் திருடியவன். இன்னொரு தடவை பிடிபட்டால் கையை வெட்டுவோம் என்று அதிகாரி மிரட்ட, கால் இருக்கிறதே என்று பதில் சொல்கிறான். பத்து ரியோவோ (பொற்காசு) அதற்கு மேலோ திருடினால் தலையே போகும் என்ற சட்டம் இருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்தால் அந்தத் திமிரின் அளவு புரியும். மகன் இப்படிப் பிழைப்பது பொறுக்காமல் தந்தை தன் உயிரை முடித்துக்கொள்கிறார். மருந்துக்காகத் திருடினான், திருட்டால் தந்தையை இழந்தான். எடோவிலிருந்து விரட்டப்பட்டு, கண்ணில் பட்டவனையெல்லாம் அடித்துக்கொண்டு திரிந்தவனை கெய்ஸோ வெறுங்கையால் அடித்துச் சாய்த்து வீட்டுக்கு அழைத்துப் போகிறார்.

அரக்கனான பிறகு உடம்பு முழுக்கப் பரவும் கருநீலக் கோடுகளில் கைப்பட்டைகள் மட்டும் மாறாமல் அதே இடத்தில் இருக்கும். வரைபவர்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான்.

பெண்களை மட்டும் அவன் கொல்வதில்லை, தின்பதில்லை. நல்லவன் என்பதாலா?
— வாக்குவா வாசகி

நல்லவன் என்று சொல்ல வாய் வரவில்லை, அம்மா. நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதரைத் தின்று வாழ்ந்தவன். ஆனால் இந்த ஒரு விலக்கு அவன் போட்டுக்கொண்ட விதியும் அல்ல. ஏன் அப்படி என்று அவனுக்கே தெரியாது.

கண்ணகி மதுரையை எரிக்கும்போது யாரை விட்டுவிட வேண்டும் என்று தீக்கு ஆணையிட்டாள். கிழவரையும் குழந்தையையும் பசுவையும் விட்டது அந்தத் தீ. அது அறிந்து செய்த விலக்கு. அகாஸாவுடையது அப்படி இல்லை. ஆசான் மகள் கோயுகி நோயில் படுத்திருந்த காலமெல்லாம் நெற்றித் துணி மாற்றி, தண்ணீர் கொடுத்து, இரவில் எழுந்து பார்த்தவன் ஹகுஜி. நினைவை முஸானின் இரத்தம் அழித்தது. கைக்கு மட்டும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

தொமா அவனுக்குப் பிறகு அரக்கனானவன் என்கிறார்கள். பிறகு எப்படி இரண்டாம் இடம்?
— ரோஸ் ஹில் மாணவன்

மேலே உள்ள பதில்தான் காரணம், தம்பி. தொமா பெண்களைத் தேடித் தின்கிறவன். அதனால்தான் பலம் கூடுகிறது என்று பெருமை பேசுகிறவன். அகாஸா பசியில் பாதியை ஒதுக்கிவிட்டுப் பயிற்சியால் ஈடு கட்டுகிறான். முஸானும் அதற்கு அனுமதி தந்திருந்தான்.

அவன் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பெயர் சொல்கிறான். அதெல்லாம் வாணவேடிக்கைப் பெயர்கள் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
— குவாத்ர் போர்ன் வாசகர்

நண்பருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். உண்மைதான்.

மொத்தப் பாணிக்குப் பெயர் 'ஹகாய் ஸத்சு', அழித்துக் கொல்வது என்று பொருள். அதற்குள் வரும் அடிகளின் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் ஜப்பானிய வாணக்காரரின் பட்டறைச் சொற்கள் வெளியே வரும். 'கமுரோ' என்றால் பொறிகள் சட்டென அணையாமல், குழந்தைக்குக் கிண்ணம் வைத்து வெட்டிய முடிபோல் வட்டமாகத் தொங்கி இறங்கும் வகை. 'யனகி' என்பது வில்லோ மரம். கிளை தொங்குவதுபோல் ஒளி நீளமாக வடியும். 'சென்ரின்' ஆயிரம் பூ. மேலே போன குண்டு முதலில் சத்தமில்லாமல் திறந்து, ஒரு நொடி கழித்து வானம் முழுக்கச் சின்னச் சின்னப் பூவாய் வெடிக்கும். 'யாஎஷின்' ஒரே மையத்தில் வட்டத்துக்குள் வட்டம். வருட முடிவில் இங்கே பெத்தார் (பட்டாசு) வெடிக்கும் இரவில் மேலே பார்த்தால் இவற்றில் இரண்டையாவது கண்டுபிடித்துவிடலாம்.

ஏன் வாணவேடிக்கை? கோயுகி படுத்த படுக்கையாக இருந்தபோது, என்னால் நீங்கள் வாணவேடிக்கைக்குக்கூடப் போக முடியவில்லையே என்று வருந்துகிறாள். இந்த ஆண்டு இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு, அதுவும் முடியாவிட்டால் அதற்கடுத்த ஆண்டு போகலாம் என்கிறான் ஹகுஜி. அவனுக்கு அது சாதாரணப் பேச்சு. தனக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று உண்டா என்றே தெரியாமல் இருந்தவளுக்கு அது வாழ்நாள் வாக்கு. உடம்பு தேறி இருவரும் அந்த வெளிச்சத்தின் கீழ் நின்றபோதுதான், உலகிலேயே வலியவனாகி உன்னைக் காப்பேன் என்று சொல்கிறான். பிறகு அவன் ஒவ்வொரு மனிதனையும் அடித்துக் கொன்றது அந்த மாலையின் பெயரைச் சொல்லித்தான். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே.

ஒரு சின்னக் குறிப்பு: எடோ காலத்து வாணங்களில் நீலமோ பச்சையோ கிடையாது. கரி, கந்தகம், வெடியுப்பு மட்டும் இருந்ததால் செம்மஞ்சள் ஒன்றே நிறம். பல வண்ணம் வந்தது எடோவுக்கு அடுத்த மெய்ஜி காலத்தில் மேற்கிலிருந்து இரசாயனங்கள் இறங்கிய பிறகு. அகாஸாவின் கடைசி அடி நீலமும் வெள்ளியுமாய் ஒளிர்வது கதைக்காக எடுத்துக்கொண்ட உரிமை.

தரையில் விரியும் அந்தப் பனிப்பூ வளையம் எப்படி வேலை செய்கிறது? அவ்வளவு துல்லியமாக இருந்தும் தஞ்சிரோவிடம் எப்படித் தோற்றான்?
— மோக்காவிலிருந்து இருவர் கேட்டது

அதன் பெயர் 'ரஷின்', திசைமானி. காந்த ஊசி வடக்கைத் தேடுவதுபோல் அவன் உடம்பு எதிராளியின் போர்வெறியைத் தேடும். ஜப்பானியச் சொல் 'தோகி'. அடிக்க நினைப்பவன் யாராக இருந்தாலும் அந்த எண்ணம் உடம்பிலிருந்து கசியும். எவ்வளவு வலுவாகக் கசிகிறதோ அவ்வளவு துல்லியமாக அவன் அடி பாயும். பார்வைக்கு மறைவாகப் பின்னால் வந்தாலும் பயனில்லை. முகென் ரயில் கதையில் அவன் கையால் இறந்த ரெங்கோகு போன்ற பெருவீரரிடம் அவன் அவ்வளவு மகிழ்ச்சியோடு சண்டையிட்டது இதனால்தான்: வீரம் கூடக்கூட ஊசி அசையாமல் நிற்கும். நீயும் அரக்கனாகிவிடு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டதும் அந்த மகிழ்ச்சியில்.

பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. தோகி இல்லாத எதிராளியை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. தஞ்சிரோ தன் தந்தையை நினைத்துப் பார்க்கிறான். நோயில் மெலிந்த அந்த மனிதர் கரடி முன் நின்றபோதும் கோபமோ பயமோ இல்லாமல் மரம்போல் இருந்தார். அந்த நிலைக்கு 'ஊடுருவித் தெரியும் உலகம்' என்று பெயர். எதிராளியின் தசையும் மூச்சும் கண்ணுக்குத் தெரியும், தன்னுடைய வெறி மட்டும் அணைந்துவிடும். தஞ்சிரோ உள்ளே நுழைந்த கணத்தில் திசைமானி வெறுமையாகிறது. எதிரே இருப்பது ஆள் என்றே உடம்பு ஒப்புக்கொள்ள மறுக்கிறது, செடியைப் பார்ப்பதுபோல் நிற்கிறான். கழுத்து போகிறது.

பலர் இங்கே சண்டை முடிந்தது என்று எழுதுகிறார்கள். முடியவில்லை. தலை உதிர்ந்த பிறகும் உடம்பு விழ மறுக்கிறது. வெட்டுக் காயத்திலிருந்து புதுத் தலை துளிர்க்கிறது. தஞ்சிரோ நினைவிழந்து கிடக்க, வாள் ஒடிந்த நிலையிலும் அவனோடு சேர்ந்து போரிட்ட வீரர் தொமியோகா கியூ தனியாகத் தடுக்கிறார். இந்த இடத்தில் கோயுகியின் நினைவு கையைப் பிடிக்கிறது. மறைந்திருந்த வாழ்க்கை முழுவதும் வெளியே வருகிறது. மீண்டும் எழும் தஞ்சிரோவின் கையிலிருந்து வாள் நழுவ, வெறும் முட்டியால் முகத்தில் குத்துகிறான். கெய்ஸோ முதன்முதலில் கொடுத்ததும் அப்படியொரு குத்துதான். அகாஸா சிரிக்கிறான். பிறகு தன் சொந்த அடியைத் தன் உடம்பின் மேலேயே இறக்கிக்கொள்கிறான்.

ஆகவே தஞ்சிரோ கழுத்தை வென்றான். அகாஸாவை வென்றது ஹகுஜி. திறமையால் தோற்கவில்லை என்று வாதாடுபவர்களும் திறமையால்தான் தோற்றான் என்பவர்களும் பாதிப் படத்தோடு எழுந்து வந்தவர்கள்.

பொங்கலுக்கு அந்தப் பனிப்பூவைக் கோலமாகப் போட ஆசை. பன்னிரண்டு கிளையும் சமமாக வர வழி சொல்லுங்கள்.
— காம் தியாபிள் வாசகி

வாசலில் 120 சென்டிமீட்டர் விட்டம் போதும். நடுவில் ஆணி அல்லது கனமான கல்லில் செருகிய குச்சி. சணல் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். மெல்லிய கம்பி அல்லது இரு துளையிட்ட மரச் சட்டம் நல்லது. ஆரம் 60 செ.மீ. வைத்து வட்டம் போடுங்கள். கயிறுதான் இருக்கிறது என்றால், அது ஆணியைச் சுற்றிக்கொள்ளாமல் தளர்வான கண்ணியாகக் கட்டுங்கள். சுற்றிக்கொண்டால் ஆரம் குறைந்து, வட்டத்தின் முனை தொடங்கிய இடத்தில் வந்து சேராது.

ஆரத்தை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே ஓரிடத்தில் ஊன்றி அடுத்த புள்ளியைக் குறியுங்கள். அங்கிருந்து அடுத்தது. ஆறாவது அளவு முதல் புள்ளியில் வந்து முட்ட வேண்டும். ஒரு விரல் பிசகினால் ஒரு புள்ளியை மட்டும் தள்ளிச் சரிசெய்யாதீர்கள். அழித்துவிட்டு மறுபடி அளப்பதே வேகம். ஆறு புள்ளி சரியானதும் ஒவ்வோர் இடைவெளிக்கும் நடுப்புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே நேர்க்கோட்டில் 31 செ.மீ. இருந்தால் எல்லாம் சரி.

பன்னிரண்டு தண்டுகளையும் நடுவிலிருந்து இழுங்கள். கிளைகளில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். 40 செ.மீ. தூரத்தில் இரு பக்கமும் 10 செ.மீ. நீளக் கிளை, வெளிப்பக்கம் 60 பாகை சாய்த்து. உள்ளே 20 செ.மீ. தூரத்தில் அதே 10ஐப் போட்டால் பக்கத்துத் தண்டின் கிளையோடு மோதிக் குழம்பும்; அங்கே 6 செ.மீ. மட்டும். நடுவில் உள்ளங்கை அளவு வட்டத்தை வெறுமையாக விடுங்கள், பன்னிரண்டு கோடும் ஒரே புள்ளியில் சேர்ந்தால் மாவு குவிந்து கட்டியாகிவிடும்.

தை மாதம் நம் தீவில் காற்றும் மழையும். உலர்ந்த பொடி பத்து மணிக்குள் பறந்துவிடும். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் மாக்கோலமாக வெள்ளையை முதலில் போட்டு, காய்ந்த பிறகு கோடுகளுக்கு இடையில் நீலப் பொடி தூவுங்கள். ஈரத்தில் தூவினால் நீலம் வெள்ளைக்குள் ஊறும்.

உண்மையான பனிப்பூவுக்கு ஆறு கிளைதான், தண்ணீர் உறையும்போது அறுகோணமாக அடுக்குவதால். இரண்டு படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் 30 பாகை திரும்பி ஒட்டிக்கொண்டால் அபூர்வமாகப் பன்னிரண்டும் வரும். அகாஸாவின் பனிப்பூ வந்த வழி வேறு: கோயுகியின் கொண்டை ஊசியில் இருந்த பனிப்பூ அது. அவள் பெயரின் 'யுகி'யும் பனிதான்.

வேடப் போட்டிக்கு அகாஸாவாகப் போக இருக்கிறேன். போன தடவை உடம்பில் போட்ட வண்ணம் அரை மணி நேரத்தில் வழிந்துவிட்டது. என்ன செய்வது?
— போ பாசன் வாசகர்

தண்ணீரில் கரையும் வண்ணம் போட்டிருப்பீர்கள். மேடை விளக்குக்கும் கடலோர ஈரக் காற்றுக்கும் அது தாங்காது. ஆல்கஹாலில் கரைத்துப் பூசும் உடல் வண்ணம் வியர்வைக்கு அசையாது. அதைக் கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் பூசக்கூடாது. முகக் கோடுகளுக்கு மட்டும் நீர் வண்ணமே போட்டு மேலே பவுடர் அழுத்துங்கள். போஸ்டர் கலர், அக்ரிலிக் இரண்டும் தோலுக்கு ஆகாது.

முந்தின நாள் முழங்கை உட்புறம் ஒரு காசளவு தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள். அன்று காலை தேங்காய் எண்ணெய், லோஷன் எதுவும் கிட்டே வரக்கூடாது, எண்ணெய் மேல் எந்த வண்ணமும் தோலாக உரியும். சோப்பில் கழுவித் துடைத்து, கையில் முடி இருந்தால் முந்தின இரவே மழித்துவிடுங்கள். காலையில் மழித்தால் ஆல்கஹால் எரிச்சல் தாங்காது.

கைப்பட்டை நேராக வராமல் சுருளாகப் போவதற்குக் காரணம், கை உருளை அல்ல, மணிக்கட்டை நோக்கி ஒடுங்கும் கூம்பு. டேப்பைச் சும்மா சுற்றினால் சாயத்தான் செய்யும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கமும் ஒரே தூரத்தை அளந்து புருவப் பென்சிலில் புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சேர்த்து இரு பக்கமும் காகித டேப் ஒட்டுங்கள். பட்டை 2 செ.மீ., இடைவெளி 1 செ.மீ. பார்வைக்குச் சரியாக இருக்கும். மெல்லிய இரண்டு பூச்சு, நடுவே ஐந்து நிமிடம். தடியாக ஒரே பூச்சு போட்டால் முழங்கை மடங்கும்போது வெடிக்கும். டேப்பை வண்ணம் முழுதும் காயும் முன் எடுத்துவிடுங்கள்.

இளஞ்சிவப்புக் குட்டை முடி, கையில்லாத திறந்த மேலங்கி, வெளிர்க் காற்சட்டை, கணுக்காலில் மணிமாலை. மாலையை ரப்பர் நாடாவில் கோத்தால் நடக்கும்போது அறுந்து உருளாது. கண்ணில் எழுத்து தெரிய வேண்டும் என்று வண்ண லென்ஸ் வாங்குவதானால் கண் மருத்துவரிடம் அளவு பார்க்காமல் வேண்டாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடுவது எந்த நிலையிலும் கூடாது.

மகனுக்கு 13 வயது. படம் பார்த்ததிலிருந்து சுவரில் குத்திக் கை முட்டியை உரமாக்குகிறேன் என்கிறான். விடலாமா?
— கவலையோடு ஒரு தந்தை, மாயெபூர்

சுவரை விடச் சொல்லுங்கள், ஐயா. பயிற்சியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அந்த வயதில் எலும்பின் நுனிகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், அங்கே அடிபட்டால் விரல் கோணலாக வளரக்கூடும். பயிற்சி இல்லாதவன் குத்தும்போது பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத்து முட்டி முதலில் மோதும். உள்ளங்கையின் அந்த எலும்பு மெல்லியது, அங்கேதான் ஒடியும். ஒடிந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கட்டு.

குத்து விழ வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில். மணிக்கட்டும் முன்கையும் ஒரே கோட்டில், கட்டை விரல் மடிந்த விரல்களுக்கு வெளியே. முதல் மூன்று மாதம் காற்றில் குத்தட்டும். மூட்டை வேண்டுமென்றால் நான்கரை மீட்டர் கைத்துணி சுற்றி, கையுறையோடு, சொல்லித் தருபவர் பக்கத்தில் இருக்கும்போது. அதைவிட முக்கியம் கால். தோள் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு காலை விரித்து, முழங்கால் மடக்கி, முதுகு நிமிர்ந்து 30 நொடி நிற்கச் சொல்லுங்கள், மூன்று தடவை. அகாஸாவின் நிலையைப் படத்தில் நிறுத்திப் பார்த்தால் அவன் அடியெல்லாம் இடுப்புக்குக் கீழிருந்துதான் புறப்படுகிறது. பையனுக்கு இதைக் காட்டினால் சுவரை மறந்துவிடுவான்.

எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?
— பாம்ப்ளமூஸ் வாசகி

வேண்டாம். ஜப்பானிலேயே 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பார்க்கப் பெற்றோரின் அறிவுரையும் வழிகாட்டலும் தேவை என்று தரம் பிரித்த படம். இரத்தத்தைவிடத் தந்தையின் சாவும் கிணற்றில் விஷமும்தான் சின்ன மனசில் தங்கும்.

விஷம் வைத்தவர்களைக் கொன்றது குற்றமா? அவன் மேல் இரக்கப்படுவது சரியா?
— ரோஸ் ஹில் வாசகர்

பக்கத்து வாள் பயிற்சிக்கூடத்தாருக்கு கெய்ஸோவின் நிலத்தின் மேல் கண். நேருக்கு நேர் நின்று ஜெயிக்க முடியாமல் கிணற்றில் விஷம் கலந்தார்கள். கெய்ஸோவும் கோயுகியும் செத்தார்கள். பதினெட்டு வயது ஹகுஜி அந்தக் கூடத்துக்குள் போய் 67 பேரை வெறுங்கையால் கொன்றான். விஷம் வைத்த கை எத்தனை, 67இல் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்று கதை பிரித்துச் சொல்வதில்லை. அவனும் பிரித்துப் பார்க்கவில்லை. அங்கேயே அவன் பாதி அரக்கன். அந்த இடத்தில் அரக்கனே கிடையாதே, யார் இப்படிச் செய்தது என்று பார்க்க வந்த முஸான் மீதியை முடித்துவைத்தான்.

இரக்கம் வந்தால் வரட்டும். ரெங்கோகுவின் தம்பியிடம் போய் அந்த இரக்கத்தைச் சொல்ல முடியுமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஹகுஜியே தன்னை மன்னிக்கவில்லை. இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றவில்லை என்றுதான் தன்னைத் தானே அடித்துக்கொள்கிறான்.

கடைசியில் கோயுகி அவனை அணைத்துக்கொண்டு சொல்லும் இரண்டு சொல்லைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது? வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.
— மொழிபெயர்ப்பு மாணவி, ரெதுயி

ஜப்பானியத்தில் அது 'ஒகாஎரி நஸாய், அனத'. வீடு திரும்பியவரை வரவேற்கும் வழக்கச் சொல் முதலாவது. இரண்டாவதற்கு அகராதி 'நீங்கள்' என்று சொல்லும், அதை நம்பி எழுதினால் போச்சு. மனைவி கணவனை அழைக்கும் விளி அது. அதுவரை அவள் வாயில் வந்ததெல்லாம் 'ஹகுஜி–சான்', மரியாதையோடு பெயர். கல்யாணம் நடக்கவில்லை, இந்த ஒரு சொல்லில் அதை அவள் நடத்திவிடுகிறாள். 'அன்பே', 'கண்ணே' எல்லாம் சினிமாப் பாட்டு. நம் வீடுகளில் பெயரைச் சொல்லாமல் அழைக்கும் 'என்னங்க'தான் இதற்கு நேர்.

வரவேற்பு வாசகம் நம்மிடம் தனியாக இல்லை என்று தேட வேண்டாம், புறப்படும்போது சொல்வது நம்மிடம் இருக்கிறது. யாரும் 'போகிறேன்' என்று சொல்லிப் புறப்படுவதில்லை, 'போயிட்டு வர்றேன்'. தந்தையின் சமாதியில் கல்யாணச் செய்தியைச் சொல்லிவிட்டு வரலாம் என்று போன நாளில்தான் ஹகுஜியின் வீடு இல்லாமல் போனது. போனவன் வந்து சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அவள் சொல்வதை இப்படி எழுதிக் கொடுங்கள்:

"வந்துட்டீங்களா… வாங்க."

'என்னங்க' அதற்குள்ளேயே இருக்கிறது. ஆசிரியர் கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள்.